விண்மீன் இரவு

விழா எடுப்போர் பழம்பெருமை பேசி அமைதல் போதாது. பயன்தரும் பணியொன்றும் தொடங்குதல் வேண்டும். விக்டோரியா மகாராணியாரின் வைர விழா நினைவாக 1897இல் பெயர் பெற்றது நுவரெலியாப் பூங்கா. எம் பழைய மாணவர் ஆண்டுக்கொருமுறை அங்கு விண்மீன் இரவொன்று நடத்துக என்கிறோம்.

மொறட்டுவை ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் 45 சதமமீற்றர் தொலைநோக்கி உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாத் தொலைவு. சிறு தொலைநோக்கியோ எளிதில் மலையேறும். 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களையும், சனியின் வளையத்தையும் காட்ட அதுவே போதும்.

முகில் மறைக்குமே என்பர் சிலர். தை, மாசி மழை குறைந்த காலம். அந்நாள் முன்னிரவில் கார்த்திகையும் உரோகிணியும் திருவாதிரையும் உயர்ந்து விளங்கும். கோயில் அருச்சனையில் தன் நட்சத்திரத்தைத் தவறாது சொல்லும் பிள்ளை, அதனை வானிற் கண்டதுண்டோ? பெயரை அறிந்து பொருளை அறியாமை கல்வியாகாது.

ஆயினும் பூங்காவோடு நின்றால் நகரத்தாரே பயன் பெறுவர். இரவில் லயத்துக்குத் திரும்பப் பேருந்து கிடைப்பதரிது. ஆதலின் அட்டன் முதலிய இடங்களின் தோட்டப் பாடசாலை முற்றங்களுக்குத் தொலைநோக்கியே செல்லுதல் முறை. விளக்குகளைச் சற்று அணைத்தால் வானம் தானே பாடம் சொல்லும்.

விருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும். மாணவர் இருவர் கருவியை இயக்கப் பழகட்டும். கல்லூரியின் புகழைக் கல்லிற் பொறிப்பதினும் பிள்ளைகளின் கண்ணிற் பதிப்பதே சிறந்தது என்பது எமது துணிபு.