பூட்டன் பெயர் என்ன?

தந்தையின் தந்தை பாட்டன். அவனைப் பெற்றவன் பூட்டன். அவனுக்கும் முன்னவன் ஓட்டன். தலைமுறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வகுத்து வைத்தது தமிழ். பிள்ளையின் பிள்ளையைப் பெயரன் என்று நம் முன்னோர் வழங்கியதும் காரணம் பற்றியே; பாட்டன் பெயரைத் தாங்கி நிற்பவன் ஆதலின் அவன் பெயரன் ஆயினான். இத்துணைச் சொல்வளம் வாய்த்த மொழியை உடையோம். ஆயினும் அச்சொற்களுக்குரிய மனிதரின் பெயர் யாது என்று எவரேனும் வினவின் மலையகத்தில் நம்மிற் பலர் வாய்திறவாது நிற்கின்றோம். இந்நிலை மாறுதல் வேண்டும். மலையகத் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் தன் குடிவழியைத் தேடி எழுதிவைத்தல் வேண்டும் என்பதே ஈண்டு யான் வற்புறுத்த விரும்புவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஏர்பிடித்து வாழ்ந்த எளிய குடியானவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் அரசனல்லன்; செல்வனுமல்லன். ஆயினும் அந்நாட்டில் 1790 தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுத்தனர். 1850 முதல் வீட்டுத் தலைவன் பெயரோடு மனைவி மக்கள் பெயரையும், அகவையையும், பிறந்த இடத்தையும் எழுதினர். 1862இல் பிறந்த குடியேற்ற நிலச் சட்டத்தின்படி அவன் 160 ஏக்கர் பெற்றிருப்பின் அதற்கும் பத்திரம் உண்டு. இவற்றைக் கொண்டு அவன் கொள்ளுப்பேரன் இன்று குடிவழியை வரைந்துவிடலாம். ஆனால் அதே நாட்டில், அதே மண்ணில் உழைத்த அடிமைகளின் கதை வேறு. 1850, 1860 ஆகிய இருமுறையும் உடைமையாளன் பெயரின்கீழ் அவர்தம் வயதும் பாலும் நிறமுமே குறிக்கப்பட்டன. விடுதலைக்குப்பின் 1870இல்தான் அவர்களும் பெயரோடு ஏட்டில் ஏறினர். ஏட்டில் பெயர் ஏறுவது உழைப்பினால் அன்று, உரிமையினால் என்பது இதனால் நன்கு விளங்கும்.

இனி நம் மலைக்கு வருவோம். 1823இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் எழுந்தது. அதன்பின் தமிழகத்தினின்றும் கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டு வழியே கால்நடையாய் மாத்தளைக்கு வந்து மலையேறினர். 1884இல் புகையிரதம் அற்றனை எட்டியது. இன்று றொசல்ல நிலையத்தில் இறங்குவோர் அந்தப் பழைய நடையின் துன்பத்தை எண்ணியும் பாரார். கோப்பியை நோய் அழித்தபின் அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொத்லாந்தில் 1835இல் பிறந்தவர் என்பதும், 1892இல் மறைந்து கண்டி மகியாவையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் நூல்களில் உள்ளன. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை எடின்பரோ நூலகம் போற்றிக் காக்கின்றது. நன்று. அவர் சொற்படி அந்த 19 ஏக்கரிலும் குழிவெட்டியவர் பெயரை எந்தப் பாடநூல் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றது?

தோட்டத்தில் ‘பேர்’ என்னுஞ் சொல்லே பொருள் திரிந்துவிட்டது. ‘முழுப்பேர்’ என்றால் ஒருநாட் கூலி; ‘அரைப்பேர்’ என்றால் அதிற் பாதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தோர் கழுத்தில் தகரத் துண்டு ஒன்று தொங்கியது. அதில் அவர் போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் அடையாளமும் ஓர் இலக்கமும் பொறிக்கப்பட்டிருந்தன. குறுந்தொகையைத் தொகுத்த சான்றோர், பெயர் மறைந்துபோன புலவர் ஒருவரைச் செம்புலப்பெயனீரார் என்று அவர் பாட்டின் தொடராலேயே போற்றினர். அவர்கள் பெயரிழந்தவருக்கும் ஒரு பெயர் தந்தனர். தோட்டக் கணக்கோ பெயருடையவருக்கு இலக்கம் தந்தது.

இந்தக் குறையின் கொடுமை 1948இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், நவம்பர் 15க்கு முன் இங்குப் பிறந்தவனைப் பார்த்தும், உன் தந்தை இலங்கையில் பிறந்தானா, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தனரா என்று வினவியது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவனுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? பெயரை எழுதாமல் விட்ட ஆட்சியே எழுத்தைக் கொண்டுவா என்றது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் நீலகிரிக்கும் தம்பி அற்றனுக்குமாகக் குடும்பங்கள் பிளந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாய் வாழ்ந்தோர்க்கும் அவர் வழியினர்க்கும் குடியுரிமைக்கு வழி திறந்தது. சட்டத்தின் வினா அடங்கிற்று. நம் உள்ளத்தின் வினா அடங்கவில்லை.

தேடுவது எங்ஙனம் எனில், வழிகள் உள. என் மாணாக்கரிடம் குடிவழி எழுதிவருமாறு பணித்தபோது பெரும்பாலோர் பாட்டனோடு நின்றனர். பாட்டிமாரிடம் கேட்டு வாருங்கள் என்றேன். சிலர் பூட்டன் பெயரோடும், திருச்சி, புதுக்கோட்டை, சேலத்துச் சிற்றூர்ப் பெயர்களோடும் வந்தனர். பாட்டியின் ஒப்பாரியில் பிறந்த ஊரும் உடன்பிறந்தார் பெயரும் வரும். குலதெய்வத்தின் பெயர் ஊரைக் காட்டும். எந்தக் கங்காணியோடு வந்தனர் என்று அறியின், உடன் வந்த உறவினரையும் அறியலாம். ஓர் ஊரார் ஒரு கங்காணியின்கீழ்த் திரண்டு வருதல் அக்கால வழக்கு. செக்றோலில் ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரே பெயர் பல உருவில் கிடக்கும். ஆதலின் வாய்விட்டு ஒலித்துப் பார்த்தல் வேண்டும். பெயரன் பாட்டன் பெயரைத் தாங்குவதால், இரு கருப்பண்ணன் ஒரே லயத்தில் காணப்படின் ஒருவரென மயங்கலாகாது. தந்தைவழியையே சட்டம் கேட்டது. நாமோ தாய்வழியையும் எழுதுவோம். கொழுந்து பறித்த கையும் நம் குடியை வளர்த்த கையன்றோ!

பழையதைக் கிளறினால் சாதிப் பெருமையும் சாதி இழிவும் தலைதூக்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வீணன்று. எனினும், பெருமை பேச எழுதும் குடிவழி வேறு. பெயர் மறவாமைக்கு எழுதும் குடிவழி வேறு. பெயரும் ஊரும் வந்த காலமும் செய்த தொழிலும் போதும். முதியோர் ஒருவர் சொல்ல விரும்பாததைத் தோண்டிக் கேட்டல் பண்புமன்று.

2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் நடந்தனர். அந்நடை போற்றத்தக்கது. நடந்தவர் பெயரைத் தாளில் நிறுத்துவது அதனினும் நீண்ட பணி. வீடுதோறும் ஒரு குறிப்பேடு தொடங்குக. தோட்டப் பாடசாலை ஆண்டுதோறும் மாணவர் எழுதிய குடிவழிகளைத் தொகுத்து வைக்குக. 1972, 1975, 1992 எனத் தோட்டங்கள் கைமாறிய போதெல்லாம் கைமாறிய பழைய செக்றோல்களைத் தோட்ட நிருவாகங்கள் குப்பையென எறியாது, கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திடம் ஒப்படைக்குமாறு தொழிற்சங்கங்கள் கேட்குக. சம்பள உயர்வுக்கு எழுப்பும் குரலில் ஒரு பங்கு இதற்கும் வேண்டும்.

ஏடுகள் சில காலம் காத்திருக்கும். எண்பது வயதுப் பாட்டிமார் காத்திரார். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர்கள் அருகே அமர்ந்து ஒரு கேள்வியேனும் கேட்டுவிடுவோம்: நம் பூட்டன் பெயர் என்ன?