எல்லோருக்கும் ஒரே அழுத்தமா?

கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்ன பிறகு, மன அழுத்தக் கணக்கெடுப்புப் படிவங்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு நேரே ‘மிதமான அழுத்தம்’ என்று எழுதியிருக்கிறது. அதை நான் நம்பவில்லை.

பெரும்பாலும் அந்தப் படிவம், உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் சகாக்களும் 1983-இல் அமெரிக்காவில் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆறு கேள்விகள் பதற்றம், கோபம், கைமீறிப்போன காரியங்கள் பற்றியவை. மற்ற நான்கும் சமாளிக்க முடிந்ததா என்று கேட்பவை. அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். மொத்தம் 40-இல் 14 முதல் 26 வரை வந்தால் மிதமானது என்பது புழக்கத்தில் இருக்கும் கணக்கு.

ஒரு மாணவி கேள்வியைப் படிக்காமலே பத்துக்கும் 0 போடுகிறாள் என்று வையுங்கள். அவள் மதிப்பெண் 16. எல்லாவற்றுக்கும் 4 போட்டால் 24. இடையில் எந்த எண்ணை வரிசையாக வட்டமிட்டாலும் மிதமான அழுத்தம்தான். கடைசி பீரியடில், பதிவு எண்ணோடு, வகுப்பாசிரியர் கையில் திருப்பித் தர வேண்டிய தாளைப் பிள்ளைகள் வேறு எப்படி நிரப்புவார்கள்? உண்மையிலேயே தூக்கமில்லாமல் தவிப்பவள் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறாள். இத்தனைக்கும் இது நோயைக் கண்டறியும் கருவி அல்ல. இந்த எல்லைகளை வகுத்தவரும் கோஹன் அல்ல.

அரியர், கல்விக்கடன், விடுதிப் பிரச்சினை எல்லாவற்றையும் கேள்விகளாகச் சேர்த்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை விட்டுவிட்டு, தாங்க முடிகிறதா என்று கேட்பதுதான் இந்த அளவுகோலின் பலம். செய்ய வேண்டியது வேறு. முதலாமாண்டு மாணவர்களோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து, இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்ல வேண்டும். தலைகீழாக மதிப்பெண் போடும் அந்த நான்கு கேள்விகளில் தடுமாறினால் கேள்வியின் சொற்களை அங்கேயே திருத்த வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர், விடுதியில் இருப்பவர், தினமும் பேருந்தில் வந்துபோகிறவர் என எல்லோரிடமும் இரண்டு வார இடைவெளியில் இருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டும். இப்போதோ கிரான்பாக் ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை எண் 0.70-ஐத் தாண்டிவிட்டது என்று ஆய்வேட்டை மூடிவிடுகிறோம். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அதிக மதிப்பெண் வாங்கியவர்தானா உண்மையில் வருந்துகிறவர் என்பதை நேரில் பேசித்தான் அறிய முடியும்.

உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்கள் இதை ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கலாம்; முதுநிலை மாணவர்களே போதும். அதுவரை, நிரப்பிய தாள் ஆலோசகரைத் தவிர வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையாவது கல்லூரிகள் அனுப்பட்டும்.