இலவசமாகத் தருகிறவருக்கும் வயிறு உண்டு!

கம்ப்யூட்டரில் விளையாடும் பிள்ளைகள் "மாட்", "மாட்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். மாடு அல்ல, மாட்!

ஒரு கம்பெனி, விளையாட்டு ஒன்றைத் தயாரித்து விற்கிறது. அதை வாங்கி ஆடும் ஒருவர், தாமே அதில் ஒரு மாற்றம் செய்கிறார். புதிய ஊர் ஒன்றைச் சேர்க்கிறார். கம்பெனி விட்ட பிழையைத் திருத்துகிறார். பிறகு, "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இலவசமாகக் கொடுத்து விடுகிறார். இந்த மாற்றத்துக்குத்தான் "மாட்" என்று பெயர்.

இதைச் சாதாரணமாக நினைத்து விடக் கூடாது. உலகப் புகழ் பெற்ற "கவுண்டர் ஸ்ட்ரைக்" விளையாட்டு, 1999-ம் ஆண்டில் ஒரு மாட் ஆகத்தான் பிறந்தது. அதைத் தொடங்கியவர்கள் இரண்டே இளைஞர்கள்!

நான்கு நாள் வியாபாரம்

அமெரிக்காவில் உள்ள பெதஸ்தா என்ற கம்பெனி, 2011-ல் "ஸ்கைரிம்" என்ற விளையாட்டை வெளியிட்டது. அதற்கு ஆயிரக்கணக்கான மாட்கள் வந்தன. எல்லாம் இலவசம்.

"ஸ்டீம்" என்ற விளையாட்டுக் கடையை நடத்துவது வால்வ் கம்பெனி. 2015 ஏப்ரல் 23-ந் தேதி அது ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தது. ஸ்கைரிம் மாட் செய்தவர்கள், இனி அதற்கு விலை வைக்கலாம் என்றது. ஆனால் 100 ரூபாய்க்கு விற்றால், செய்தவருக்குக் கிடைப்பது 25 ரூபாய். மீதி 75 ரூபாய் இரண்டு கம்பெனிகளுக்கும்!

ஒரே கூச்சல்! லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 27-ந் தேதியே ஏற்பாடு வாபஸ் ஆயிற்று. வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஒருவர் செய்த மாட்டின் மேல் இன்னொருவர் தம் மாட்டைக் கட்டுகிறார். மேலே கட்டியவர் விலை வைத்தால், அடியில் இருப்பவருக்கு என்ன பங்கு? சண்டைதான் மிஞ்சும்.

பிறகு 2023-ல், தான் ஏற்றுக்கொண்ட சிலர் விலை வைத்து விற்க பெதஸ்தா வழி செய்தது. ஆனாலும் பெரும்பாலான மாட்கள் இன்னும் இலவசம்தான்.

முடியாத வேலை

இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமா? தண்ணீர்ப் பந்தலில் நமக்கு மோர் இலவசம். ஆனால் யாரோ ஒருவர் வீட்டில் பால் வாங்கி உறை ஊற்றியிருக்கிறார்!

2021 நவம்பர் 11-ந் தேதி, ஸ்கைரிமின் பத்தாவது ஆண்டையொட்டிக் கம்பெனி அதைப் புதுப்பித்தது. உடனே பழைய மாட்கள் பல வேலை செய்யாமல் நின்றன. யார் சரி செய்தது? இலவசமாகக் கொடுத்தவர்கள்தாம்! பகலில் உத்தியோகம், இரவில் இந்த வேலை. இப்படிப் பலர். இதற்குச் சம்பளம் கிடையாது. தாமதமானால் திட்டு மட்டும் உண்டு. மனம் வெறுத்து அவர்கள் விலகினால், நஷ்டம் ஆடுகிறவர்களுக்கே.

நாம் என்ன செய்யலாம்?

விருப்பம் போல் நன்கொடை கொடுக்கலாம். "நெக்சஸ் மாட்ஸ்" என்ற நிறுவனம் 2018-ல் ஒரு நிதி ஏற்படுத்தியது. எத்தனை பேர் எடுத்துக்கொண்டார்களோ, அந்தக் கணக்குப்படி, அதில் சேர்ந்த மாட்காரர்களுக்கு மாதந்தோறும் பங்கு கிடைக்கிறது. செய்தவருக்கு நேராகவும் அனுப்பலாம்.

பத்து மாட் எடுத்தால் பத்துக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதிகம் பயன்பட்ட ஒன்றுக்குக் கொடுங்கள். சிறு தொகை போதும். செய்தவரே காட்டிய இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் பெற்றோரைக் கேட்டு, அவர்கள் கையால்தான் அனுப்ப வேண்டும்.

கொடுத்து விட்டோம் என்பதற்காக அதிகாரம் செய்யக் கூடாது. நன்கொடை கூலி அல்ல. பணம் இல்லையா? கவலை வேண்டாம். "நன்றாக இருந்தது" என்று இரண்டு வரி எழுதுங்கள். பிழை கண்டால், திட்டாமல் விவரமாகச் சொல்லுங்கள். அதுவும் உதவிதான்.

விலை கேட்டால் கோபம் வருகிறது. கேட்காமல் கொடுத்தால், கொடுத்தவரையே மறந்து போகிறோம். கோபப்பட்டது நியாயம், மறப்பது நியாயமா?