இரு மொழிகள் நோயல்ல

ஆண்டுதோறும் கோடை விடுமுறையிலும் பொங்கலை ஒட்டியும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு ஒருவகைக் குடும்பங்கள் வருகின்றன. பெற்றோரில் ஒருவர் ஓமலூர்ப் பக்கத்தில் பிறந்தவர். மற்றவர் ஜெர்மனியிலோ பிலிப்பைன்ஸிலோ பிறந்தவர். குழந்தைக்குச் சளியோ வயிற்றுப்போக்கோ என்று வருவார்கள். புறப்படும் நேரத்தில், தயங்கியபடியே ஒரு கேள்வி வரும்: "இரண்டு மொழி பேசுவதால்தான் குழந்தை இன்னும் சரியாகப் பேசவில்லையா?"

இல்லை என்பதே எங்கள் பதில். அது ஏன் என்பதையும், அந்தத் தவறான எண்ணம் குழந்தைக்கு என்ன தீங்கு செய்கிறது என்பதையும் இம்மடலில் விளக்க விரும்புகிறோம்.

அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். தந்தை நம்மூர்க்காரர், தாய் ஜெர்மானியர், மகளுக்கு இரண்டரை வயது. விரல்விட்டு எண்ணத்தக்க சொற்களே அவள் வாயில் வந்தன. வீட்டில் ஒரே மொழி பேசுமாறு அவர்கள் வாழும் ஊரில் யாரோ அறிவுரை கூறியிருந்தார்கள். தந்தை தமிழை நிறுத்திவிட்டார். ஐந்து மாதங்கள் கழிந்தும் முன்னேற்றம் இல்லை. விடுமுறைக்கு வந்த இடத்தில் எங்களிடம் காட்டினார்கள். உடன் வந்த பாட்டி கேட்டார்: "அப்ப நான் பேத்திகிட்ட வாயே தொறக்கக் கூடாதுங்களா, டாக்டர்?"

குழந்தையின் காதுகளைச் சோதித்தோம். இரு பக்கமும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. தண்ணீருக்குள் மூழ்கியிருப்பவர் கரையில் நடக்கும் பேச்சைக் கேட்பது போலத்தான் அவள் உலகைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குறை காதில் இருந்தது. பழி தமிழின் மீது விழுந்தது. சிகிச்சைக்குப் பின் சொற்கள் வரத் தொடங்கின, இரு மொழிகளிலும்.

இதில் பிறரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. பணியின் தொடக்க ஆண்டுகளில் நாங்களும் சில பெற்றோரிடம் அதே அறிவுரையைக் கூறியிருக்கிறோம். அது பிழை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

கலப்புத் தேசக் குடும்பங்களின் அனுபவம் நெடுங்காலமாகப் பதிவாகி வருகிறது. மொழியியலாளர் ழூல் ரொன்ழா பிரெஞ்சுக்காரர். அவர் மனைவி ஜெர்மானியர். மகனிடம் தந்தை பிரெஞ்சிலும் தாய் ஜெர்மனிலும் மட்டுமே பேசுவது என்று முடிவு செய்தார்கள். மகன் இரு மொழிகளையும் நன்கு கற்றான் என்பதை ரொன்ழா 1913-இல் நூலாக வெளியிட்டார். 1962-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பீல், லாம்பெர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, இருமொழிக் குழந்தைகளுக்கு அறிவு மட்டுப்படும் என்ற பழைய கருத்தை அசைத்தது.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. ஓமலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. சேலம் நகரில் சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் உள்ளன. இவ்வீடுகளில் வளர்ந்தவர்கள் யாரும் ஊமையாகிவிடவில்லை. தெலுங்குக்குப் பொருந்தும் உண்மை ஜெர்மனுக்கும் பொருந்தும்.

ஆயினும் இருமொழி வளர்ப்பு உழைப்பில்லாமல் கைகூடுவதன்று. ஒரு மொழியை மட்டும் எடுத்து எண்ணினால் இக்குழந்தைகளுக்குச் சொற்கள் சற்றுக் குறைவாகத் தோன்றலாம். எனவே இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். "பால்" என்பதும் "மில்ஷ்" என்பதும் தெரிந்த குழந்தைக்கு இரண்டு சொற்கள் தெரியும். ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளும் கலப்பது குழப்பத்தின் அடையாளமன்று. கையில் உள்ள சொல்லைக் குழந்தை பயன்படுத்துகிறது, அவ்வளவே. அதே வேளையில், குறைவாகக் கேட்கும் மொழி மெலியும் என்பதும் உண்மை. வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் தமிழ் கேட்கும் குழந்தை, புரிந்துகொண்டாலும் பேசாமல் போகலாம்.

அந்த மொழியைத் தொலைக்காட்சியிடம் ஒப்படைத்துவிடவும் முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் நேரில் விளையாடியபடி பேசியவரிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றனர். அதே பேச்சைக் காணொலியாகக் காட்டியபோது கற்கவில்லை. குழந்தைக்குத் தேவை முகம் பார்த்து மறுமொழி சொல்லும் ஒரு மனிதர். விடுமுறையில் பாட்டி சோறு ஊட்டும்போது சொல்லும் கதை அதனால்தான் விலைமதிப்பற்றது. ஊர் திரும்பிய பின் கைப்பேசிக் காணொலி அழைப்பில் பாட்டி கேள்வி கேட்டு, பேத்தி பதில் சொல்லுமாறு உரையாடுவது, அவளைப் பாட்டுக் காணொலி முன் உட்கார வைப்பதைவிட மேலானது.

பண்பாட்டுக்கும் இதுவே பொருந்தும். "உனக்கு இந்தியா பிடிக்குமா, உங்க அம்மா ஊர் பிடிக்குமா?" என்று குழந்தையைக் கேட்காதீர்கள். அதன் தமிழ் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் மறுமுறை அது தமிழில் வாய் திறக்காது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நாவுக்கும் நெஞ்சுக்கும் அத்தகைய சட்டம் ஏதுமில்லை.

கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியை இங்கே நினைக்கிறோம். தந்தை இலங்கைத் தமிழர், தாய் ஆங்கிலேயர். 1877-இல் கொழும்பில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். தந்தை நாட்டின் கலையையும் பண்பாட்டையும் அவர் பெரியவரான பின்பே தேடிச் சென்று அறிந்தார். அவர் தேடிக் கண்டடைந்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் அது வாய்ப்பதில்லை. வீட்டில் தந்தையும் பாட்டியும் இருக்கும்போதே அந்த வாயிலை நாமே அடைத்துவிடலாகாது.

எந்த வீட்டுக் குழந்தையானாலும், எத்தனை மொழிகள் கேட்டு வளர்ந்தாலும், கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டால் காத்திருக்காதீர்கள்:

12 மாதம் நிறைந்தும் மழலை ஒலிகளோ, கைகாட்டுவது போன்ற சைகைகளோ இல்லாதிருத்தல்.

16 மாதத்திலும் ஒரு சொல்லும் வராதிருத்தல்.

24 மாதத்திலும் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாதிருத்தல்.

எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோதல், அழைத்தால் திரும்பாதிருத்தல்.

முதலில் செய்ய வேண்டியது கேள்வித்திறன் சோதனை. அதன்பின் குழந்தையின் வளர்ச்சி மதிப்பீடும், தேவையெனில் பேச்சுப் பயிற்சியும். இவை எதற்கும் ஒரு மொழியைக் கைவிட வேண்டியதில்லை. டவுன் நோய்க்குறியோ ஆட்டிசமோ உள்ள குழந்தைகளும் இரு மொழிகள் கற்க முடியும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர்களிடமும் பெற்றோர் தமக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசலாம்.

அன்று அந்தப் பாட்டிக்கு நாங்கள் சொன்ன பதிலையே எல்லாப் பாட்டிகளுக்கும் சொல்கிறோம்: தாராளமாகப் பேசுங்கள், அம்மா. எவ்வளவு பேசுகிறீர்களோ அவ்வளவு நல்லது. காதில் குறையிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அந்தக் காதுக்குச் சொற்களைத் தருவது உங்கள் வேலை.