ஊசி முனையில ஒரு வகுத்தல் கணக்கு

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரவே முடியல. ராத்திரியெல்லாம் ரெக்கார்ட் ப்ளேயரோட மல்லுக்கட்டு. பட்டதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது காசு மிச்சமாகட்டும்.

ரொம்ப நாள் ஆசைப்பட்டு டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் வாங்கினேன். ஜப்பானோட என்.ஹெச்.கே. வானொலிக்காக 1960-களில் உருவானது. அப்பாவோட எம்.எஸ். எல்.பி.யைப் போட்டேன். வால்யூமை முக்கால்வாசி திருப்பினாத்தான் பாட்டே கேக்குது. தம்புராவுக்கு மேல 'உஸ்ஸ்'னு ஒரே இரைச்சல். "தட்டு தேஞ்சு போச்சுப்பா"ன்னு சொல்லிட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல, உறையில போட்டு உள்ள வெச்சுட்டார்.

விஷயம் என்னன்னா, சாதாரண மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ்ல காந்தம்தான் ஆடும், காயில் சும்மா இருக்கும். அதனால நிறைய சுத்து சுத்தலாம், சுமார் 5 மில்லிவோல்ட் கிடைக்கும். மூவிங் காயில்ல காயிலே ஊசியோட சேர்ந்து ஆடணும். கனம் ஆகாது, சுத்து கம்மி. டிஎல்-103 தர்றது வெறும் 0.3 மில்லிவோல்ட். என் ப்ரீஆம்ப் 40 டெசிபெல், அதாவது 100 மடங்கு பெருக்கும். இதுக்குத் தேவை 60 டெசிபெல், 1000 மடங்கு!

கடைக்காரர்கிட்ட புலம்பினேன். "1:40 ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்க சார், மடங்கு ஏற ஏற சத்தம் ஏறும்"னார். வாங்கிட்டு வந்தேன். சத்தம் வந்துச்சு, உயிர் போச்சு. எம்.எஸ். கம்பளிக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருந்துச்சு.

அப்புறம்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். ப்ரீஆம்ப் உள்ளீடு 47,000 ஓம். ட்ரான்ஸ்ஃபார்மர் மடங்கோட வர்க்கத்தால அதை வகுத்தா, கார்ட்ரிட்ஜ் பாக்கற சுமை வரும். 1:40-ன்னா 1600-ஆல வகுக்கணும்: 29 ஓம். கார்ட்ரிட்ஜோட சொந்தத் தடையே 40 ஓம்! வர வேண்டிய 12 மில்லிவோல்ட்ல பாதிக்கு மேல உள்ளேயே கரைஞ்சு, 5 தான் மிச்சம். 1:20-ன்னா 117 ஓம், 4.5 மில்லிவோல்ட். 1:10-ன்னா 470 ஓம், 2.8 மில்லிவோல்ட். கார்ட்ரிட்ஜ் தடையைப் போல பத்து மடங்கு சுமை இருக்கணும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க. 1:10 அதுக்குச் சரியாப் பொருந்துது.

அதனால என் கருத்து இதுதான். 'எம்.சி. சப்போர்ட் பண்ணும்'னு அட்டைப்பெட்டியில போட்டிருந்தா மட்டும் பத்தாது. எத்தனை டெசிபெல், எத்தனை ஓம்னு கேளுங்க. சொல்லத் தெரியாத கடையில பர்ஸைத் திறக்காதீங்க. விலை அப்புறம், வகுத்தல் முதல்ல.

1:10 ஒண்ணு இரவல் வாங்கி மாட்டினேன். வால்யூம் கொஞ்சம் கூட வைக்கணும், அவ்வளவுதான். தம்புரா தனியா, குரல் தனியா கேட்டுச்சு. அப்பா வாசல்ல இருந்து எழுந்து வந்து நின்னார்.

"தேஞ்சு போச்சுன்னியே?"

பதில் சொல்ல முடியல :-(

டிஸ்கி: ட்ரான்ஸ்ஃபார்மரை ஆம்ப் பக்கத்துல வைக்காதீங்க, 'ஹம்'முன்னு முனகும். தள்ளி வெச்சு, திருப்பித் திருப்பிப் பாருங்க. ஒரு கோணத்துல அடங்கும்.