இரண்டாம் மனைவிக்குக் கிடைத்த நியாயம்

திருமணம் பற்றிய போதனையில் திருச்சபை ஒரு புள்ளிகூட நகர்ந்ததில்லை என்று பிரசங்க பீடத்திலிருந்து யாராவது அடித்துச் சொன்னால், எனக்குள் ஒரு குறும்பு எட்டிப் பார்க்கும். 1888-க்கும் 1988-க்கும் நடுவில் லாம்பெத்தில் என்ன நடந்தது ஐயா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. ஆராதனை முடிந்து பிரியாணிக்குப் போகிற நேரத்தில் யாரும் வரலாறு பேச மாட்டார்கள்.

உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை இங்கிலாந்தில் கூடுவதுதான் லாம்பெத் மாநாடு. முதல் மாநாடு 1867-இல். நம் தென்னிந்தியத் திருச்சபையும் இந்தக் குடும்பத்தில் உறுப்பு என்பதால் தமிழ்ப் பேராயர்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு. அங்கே எடுக்கும் தீர்மானம் எந்தச் சபையையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் தன்பாலீர்ப்பு பற்றிக் கடந்த கால் நூற்றாண்டாக நடக்கும் சண்டையில் இரு தரப்பும் தூக்கிப் பிடிப்பதும் தூக்கிப் போட நினைப்பதும் ஒரே தீர்மானத்தைத்தான்: 1998 ஆகஸ்டில் நிறைவேறிய 1.10.

ஆதரவு 526, எதிர்ப்பு 70, நடுநிலை 45. ஆணும் பெண்ணும் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருப்பதே திருமணம். அதற்கு அழைக்கப்படாதவர்களுக்கு விலகியிருத்தலே சரி. ஒருபாலுறவு வேதத்துக்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட இணைகளை ஆசீர்வதிக்கவோ, அவ்வுறவில் இருப்பவர்களைக் குருத்துவப்படுத்தவோ கூடாது. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். அதே தீர்மானம், தன்பாலீர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்போம், அவர்களும் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அவயவங்களே என்றும் சொல்கிறது. இந்தப் பாதியை வாசிக்கும்போது பலருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. அந்த மாநாட்டு வளாகத்திலேயே நைஜீரியப் பேராயர் ஒருவர், தன்பாலீர்ப்புள்ள ஒரு திருத்தொண்டரின் தலைமேல் கை வைத்துப் பேயோட்ட முயன்றார், அதுவும் கேமராக்களுக்கு முன்னால். செவிகொடுத்த லட்சணம் அப்படி.

இனி அந்த நூறு வருஷக் கதை. ஆப்பிரிக்காவில் மிஷனெரிகள் ஊழியம் தொடங்கியபோது ஞானஸ்நானம் கேட்டு வந்த பலருக்கு இரண்டு, மூன்று மனைவிகள் இருந்தார்கள். நேட்டாலின் பேராயராக இருந்த ஜான் கொலன்சோ, மனைவியரை விரட்டச் சொல்லாமலே இவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். அவர் சொன்னது எடுபடவில்லை. 1888 மாநாடு கதவைச் சாத்தியது: பலதார மணத்தில் இருக்கும் ஆணுக்கு ஞானஸ்நானம் இல்லை, அவன் போதனை கேட்டுக்கொண்டு காத்திருக்கட்டும். அவனுடைய மனைவியருக்கு மட்டும் சில சந்தர்ப்பங்களில் கொடுக்கலாம்.

வேதம் தெளிவாக இருக்கிறது, இதில் யோசிக்க என்ன என்று தோன்றும். வினை வந்தது வீட்டுக்குள். ஞானஸ்நானத்துக்காக ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? பிறந்த வீட்டில் இடம் இல்லை, நிலத்தில் பங்கு இல்லை, பிள்ளைகள் யார் பக்கம் என்று தெரியாது. கணவன் கிறிஸ்தவன் ஆனான், அவள் தெருவுக்கு வந்தாள். ஆப்பிரிக்கப் பேராயர்கள், குறிப்பாகக் கென்யாவின் டேவிட் கித்தாரி, இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1988-இல் 26-ஆம் தீர்மானம் வந்தது. ஒருதார மணமே தேவனுடைய திட்டம் என்று முதலில் உறுதி சொல்லிவிட்டு, பலதாரக்காரனையும் விசுவாசிக்கும் அவன் மனைவியரையும் பிள்ளைகளையும் ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இருக்கும் மனைவியரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அவன் புதிதாக ஒருத்தியைக் கட்டக்கூடாது. உள்ளூர்ச் சபை சம்மதிக்க வேண்டும். எந்த மனைவியையும் விலக்கும்படி அவனைக் கட்டாயப்படுத்தக்கூடாது, ஏனென்றால் அவள் சமூகத்தில் நாதியற்றுப் போவாள். காரணத்தைத் தீர்மானத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கருத்தடையை லாம்பெத் 1920-இல் கடிந்துகொண்டு 1930-இல் நிபந்தனையோடு அனுமதித்ததும், விவாகரத்தானவர்களின் மறுமணத்துக்கு இங்கிலாந்துத் திருச்சபை 2002-இல் வழிவிட்டதும் தனிக்கதைகள்.

ஒருபால் திருமண விவாதத்தில் இந்தப் பலதார உதாரணத்தை எடுத்தால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கும். எங்கள் அன்பை அதோடு ஒப்பிடுவதா என்று ஒரு பக்கம் கேட்கும். மறுபக்கத்தின் கேள்வி இன்னும் வலுவானது: அங்கே மன்னிக்கப்பட்டது விசுவாசத்துக்கு வருமுன் நடந்தது, புதுத் திருமணத்துக்கு அனுமதி கிடையாது, போதனையும் மாறவில்லை. இதில் ஒருபால் திருமணத்துக்கு என்ன முன்மாதிரி இருக்கிறது? எதுவும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். நான் தேடுவதும் அதை அல்ல.

மரபை விடாதவர்களை வெறுப்பாளர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. விவாகரத்து பற்றிக் கேட்டபோது இயேசு ஆதியாகமத்துக்குத் திரும்பிப் போனதையும், ரோமர் முதல் அதிகாரத்தையும் அவர்கள் சும்மா காட்டவில்லை. வெஸ்லி ஹில் என்ற அமெரிக்க வேத அறிஞர், தாம் தன்பாலீர்ப்புள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லி, மரபுப் போதனையை ஏற்று, மணமில்லாமல் வாழ்வதைப் பற்றி எழுதியவர். அந்தப் போதனைக்கான விலையைத் தம் சொந்தப் பையிலிருந்து கொடுக்கிறவர் பேசினால் நான் கேட்பேன். மூன்று பிள்ளைகளைப் பெற்றுவிட்டு அடுத்தவனுக்குத் துறவு உபதேசிப்பவர் பேச்சில் அந்த எடை இல்லை. எதிர்த்தரப்போ யோப்பாவில் பேதுரு கண்ட தரிசனத்தை எடுக்கிறது. புறஜாதியாரான கொர்நேலியுவின் வீட்டில் ஆவியானவர் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விருத்தசேதனம் பற்றிய முடிவு மாறியது, எழுத்தை வைத்து மட்டும் அல்ல என்பது அவர்கள் வாதம். அதற்கும் பதில் சொல்வது அத்தனை சுலபமில்லை.

மேற்கே இது பிளவாகிவிட்டது. 2003-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தன்பாலீர்ப்பை மறைக்காத ஜீன் ராபின்சன் பேராயரானார். 2008-இல் எருசலேமில் மரபுத் தரப்பு தனி அணியாகத் திரண்டது. 2023 டிசம்பர் 17 ஞாயிறு முதல் இங்கிலாந்துத் திருச்சபையில் ஒருபால் இணைகளுக்கு வழக்கமான ஆராதனைக்கு நடுவே ஜெபம் செய்யலாம் என்றானது. மறுநாளே வத்திக்கானும் அத்தகைய இணைகளை ஆசீர்வதிக்க அனுமதிக்கும் அறிவிப்பை வெளியிட்டது. ஆப்பிரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் கொதித்தெழ, ஜனவரியில் வத்திக்கான் விளக்கம் தந்தது: அது பத்துப் பதினைந்து வினாடி ஆசீர்வாதம்தான், திருமணத்தை ஏற்பது அல்ல. எங்கள் தெருவில் புது ஸ்கூட்டருக்குப் போதகர் செய்யும் ஜெபம் இதைவிட நீளம். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

நம்மூர்ச் சபைகளில் இந்த விவாதமே இல்லை என்பார்கள். விவாதம் இல்லை, வழக்கம் இருக்கிறது. பையனுக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்று தெரிந்தால் முதலில் உபவாச ஜெபம், பிறகு அசுத்த ஆவியைக் கட்டுதல். தன்பாலீர்ப்பை வைத்தியம் செய்து மாற்றும் முயற்சிகளைத் தடை செய்யச் சொல்லி 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவிட்டார். ஜெப அறைக்குள் அந்த உத்தரவு எட்டியதாகத் தெரியவில்லை. எதுவும் பலிக்காவிட்டால் கடைசி மருந்து கால்கட்டு. கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்த மருந்தாகப் போனவள். எம்.எஸ்சி. படித்தவள், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளை ஊருக்குப் போனாள். அவன் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, தொடவும் இல்லை. மாமியாரிடம் சொன்னபோது, "பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு" என்றார். போதகரிடம் போனாள். அவர் மத்தேயு 19-ஐத் திறந்து, தேவன் இணைத்ததைப் பிரிக்கலாகாது என்று காட்டினார். மாப்பிள்ளைக்காக வீட்டார் நடத்திய உபவாச ஜெபங்களில் அவரும் இருந்தவர் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது வழக்கு கோர்ட்டில். கணவன் மனைவியாக வாழ மறுத்தான் என்று நிரூபிக்க, தனக்கு நடக்காததை எல்லாம் அவள் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அந்தப் பையனையும் நான் வில்லன் ஆக்க மாட்டேன். முகூர்த்த நாள் குறிக்கும்வரை அவன் பலமுறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

1988-இல் கூடிய பேராயர்கள், நாம் இந்த விதியைப் பிடித்தால் அந்த இரண்டாம் மனைவி எங்கே போவாள் என்று கேட்டார்கள். அதே கேள்வியை இவளுக்காகக் கேட்கத் தன்பாலீர்ப்பு பற்றி யாரும் கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்கிறோம். விஷயம் தெரிந்த போதகர் பெற்றோரைத் தனியே கூப்பிட்டு, இந்தக் கல்யாணத்தை நான் நடத்த மாட்டேன், ஓலையும் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சபைக்குக் காரணம் சொல்ல வேண்டாம், பையனைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். இதற்கு லாம்பெத்தின் அனுமதி தேவையில்லை, 1.10-இல் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியதில்லை.