அறாத்தூணியும் எண்ணிய அம்பும்: தூணிச் சொற்களுக்குப் பொருளுரைத்தல் குறித்து ஒரு கருத்துரை

அம்பு வைக்கும் கூட்டைக் குறிக்கத் தமிழில் ஆவம், ஆவநாழிகை, தூணி, தூணீரம், புட்டில் முதலிய சொற்கள் வழங்கியுள்ளன. அகராதிகளும் உரைகளும் இவற்றுக்குப் பெரும்பாலும் தரும் பொருள் 'அம்பறாத்தூணி' என்பதே. இவ்வொற்றைப் பொருளுரை வாசகர்க்கு எளிமையானது; ஆய்வுக்குப் போதாதது என்பது இக்கட்டுரையின் கருத்து. இன்றைய வில்வேட்டையில் வில்லின்மீதே பொருத்தப்படும் தூணியையும் அதனை வேட்டைஞர் தேர்ந்தெடுக்கும் முறையையும் சான்றாகக் கொண்டு இக்கருத்து இங்கு விளக்கப்படுகிறது.

சொற்கள் சுமக்கும் பொருள்

அம்பறாத்தூணி என்பதை அம்பு, அறா, தூணி எனப் பிரித்தால், அம்புகள் தீர்ந்துபோகாத தூணி என்று பொருள்படும். பாரதக் கதையில் காண்டவ வனம் எரிந்த நிகழ்வையொட்டி அருச்சுனன் காண்டீபத்தோடு பெற்ற தூணிகள் இத்தகையன. ஆகவே இச்சொல் தெய்வத்தன்மை வாய்ந்த ஒரு படைக்கலத்துக்குப் பொருந்தும் பெயராகும். அதனையே எல்லாத் தூணிகளுக்கும் பொதுப்பெயராக்கும்போது, கானவன் ஒருவன் தோளில் தொங்கும் கூடும் வற்றாத கூடாகிவிடுகிறது. அவன் வாழ்க்கையோ அதற்கு நேர்மாறானது. அவனிடமிருப்பவை எண்ணக்கூடிய சில அம்புகள். ஒன்று பிழைத்தால் அதனைத் தேடி எடுத்தாக வேண்டும்.

ஏனைய சொற்கள் வேறு செய்திகளைத் தருகின்றன. ஆவநாழிகையிலுள்ள நாழிகை குழல் வடிவை உணர்த்துகிறது. புட்டில் என்பது பூக்கூடைக்கும் விரலுறைக்கும் வழங்கும் சொல். கொள்வதையும் பொதிவதையும் அது குறிக்கிறது. புறநானூற்றின் 14ஆம் பாடலில் ஆவம் தேர்மீது நின்று போரிடும் வேந்தனின் முதுகோடு சேர்த்துக் கூறப்படுகிறது. தேரில் நிற்பவனுக்கு முதுகுத்தூணி இடையூறாகாது. புதருக்குள் குனிந்து செல்பவனுக்கும் அதுவே ஏற்றதா என்னும் வினா, 'அம்பறாத்தூணி' என்று பொருளெழுதி நிறுத்தும்போது எழுவதற்கே இடமில்லாமற் போகிறது.

வில்லில் அமைந்த தூணி

வட அமெரிக்காவில் வில்வேட்டை இருபதாம் நூற்றாண்டில் பரவலான பொழுதுபோக்காயிற்று. அதற்குக் காரணமானவருள் ஒருவரான மிச்சிகன் மாநிலத்து ஃபிரெட் பேர், 1940களில் வில்லோடு இணைந்த தூணியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன் தேவை வேட்டைக் களத்திலிருந்து பிறந்தது. முதுகுத்தூணியிலிருந்து அம்பை உருவக் கை தோளுக்குமேல் எழவேண்டும். மானின் கண்ணுக்கு அவ்வசைவே போதும். நடக்கையில் அம்புகள் ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும். இறகுகள் கிளைகளில் சிக்கும். வில்லிலேயே அம்பு இருந்தால் அடுத்த அம்பைச் சிறு கையசைவில் எடுக்கலாம். தான்சானியாவின் ஹட்சா வேட்டுவர் வில்லோடு அம்புகளையும் கையிலேயே பிடித்துச் செல்வதை நோக்க, இது பழைய கைவழக்கத்துக்குக் கருவி வடிவம் தந்ததே எனலாம்.

இத்தூணியின் உறுப்புகள் இரண்டு. மேலுள்ள மூடி அம்பின் கூரிய தலைகளைப் பொதிந்து, கை வெட்டுப்படாமலும் முனை மழுங்காமலும் காக்கிறது. கீழுள்ள பிடிப்பான் ஒவ்வோர் அம்புத்தண்டையும் தனித்தனியே கவ்வி நிறுத்துகிறது. நான்கு முதல் ஆறு அம்புகள் கொள்வதே பொதுவான அளவு.

தேர்வு செய்பவர் முதலில் நோக்குவது எடையையும் சமநிலையையும். தூணி வில்லின் ஒரு பக்கத்தில் அமைவதால் வில் அப்பக்கம் சாய முற்படும். தூணி வில்லின் நடுப்பகுதியை எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்குச் சாய்வு குறையும். அடுத்தது ஒலி. நாண் விடுபடும்போது எழும் அதிர்வில் தளர்ந்த பிடிப்பு ஓசை எழுப்பினால் அம்பு சென்று சேருமுன்னரே விலங்கு துள்ளிவிடும். மூன்றாவது, கழற்றும் வசதி. மரத்தின்மேல் அமைத்த பரணில் காத்திருப்போர் பலர் தூணியைக் கழற்றி அருகில் மாட்டிக்கொள்வர். நடந்து தேடுவோர் வில்லிலேயே விட்டுவைப்பர். எதைச் செய்தாலும், பயிற்சியின்போது எப்படி எய்தனரோ அப்படியே வேட்டையிலும் எய்யவேண்டும். தூணியின் எடை கூடுவதும் குறைவதும் அம்பு தைக்கும் இடத்தை மாற்றக்கூடும்.

இத்தேர்வின் உள்ளே ஓர் அறமும் இருக்கிறது. முதல் அம்பு பட்டும் வீழாத விலங்கை நெடுநேரம் துன்புறவிடாமல் இரண்டாம் அம்பு விரைந்து கைக்கு வரவேண்டும். அம்பு எல்லையற்றதென நினைப்பவனுக்கு இக்கவலை எழாது. ஐந்தே அம்பு உடையவனுக்கு ஒவ்வோர் அம்பும் ஒரு முடிவு. எண்ணிய அம்புதான் வேட்டுவனின் அறத்தை வரையறுக்கிறது.

ஆய்வுக்கு இதனால் ஆவது என்ன?

இன்றைய அமெரிக்கக் கருவியைக் கொண்டு பழந்தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் காண்பது கால வழுவன்றோ எனச் சிலர் கேட்கலாம். கருவியின் வடிவத்தை முற்காலத்தின்மேல் ஏற்றினால் அது வழுவே. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது வடிவமன்று. பயன்படுத்துவோர் அக்கருவியிடம் கேட்கும் வினாக்கள். அசைவு, ஒலி, எடை, முனையின் காப்பு, அம்பின் தொகை ஆகியவை எக்காலத்து வில்லாளிக்கும் உரிய கவலைகள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் வேட்டை தடைசெய்யப்பட்டிருப்பதால், அது நடக்கும் களத்தில் கருவியைக் கண்டறியும் வாய்ப்பு நம் ஆய்வாளர்க்கு இல்லை. அத்தடை வேண்டுவதே. அதனாலேயே பிற நாட்டுப் பதிவுகளை ஒப்புநோக்குவது தேவையாகிறது.

அத்தகைய பதிவுக்கு நல்ல முன்மாதிரி ஒன்றுண்டு. கலிபோர்னியாவின் யாஹி இனத்தவரான இஷி 1911இல் வெளியுலகுக்கு வந்தார்; 1916இல் மறைந்தார். அவருடன் பழகிய மருத்துவர் சாக்ஸ்டன் போப், அவருடைய வில், அம்பு, தூணி ஆகியவற்றின் செய்முறையையும் கையாளும் முறையையும் உற்றுநோக்கி 1918இல் 'யாஹி வில்வித்தை' என்னும் ஆய்வை வெளியிட்டார். ஒருவரோடு அழிந்திருக்கக்கூடிய அறிவு, பொருளின் பெயரோடு நில்லாமல் பயன்பாட்டையும் எழுதிவைத்ததால் எஞ்சியது.

நம் சொற்பொருளுரைகளும் அவ்வழியில் விரியவேண்டும். தூணியைக் குறிக்கும் ஒவ்வோர் ஆட்சிக்கும் ஐந்து செய்திகளை இயன்றவரை பதியலாம்: எதனால் ஆனது, உடலில் எங்குத் தாங்கப்படுகிறது, வாய் திறந்ததா மூடியதா, அம்பின் தொகை சுட்டப்படுகிறதா, தாங்குபவர் வேந்தரா வேட்டுவரா தெய்வமா. பாடலில் குறிப்பு இல்லையெனில் 'குறிப்பில்லை' என்றே எழுதலாம். அதுவும் ஒரு தரவே. நடுகற்களையும் சிற்பங்களையும் ஆவணப்படுத்துவோர், 'வில்லேந்திய வீரன்' என்பதோடு நில்லாமல் தூணி உண்டா, எப்பக்கம் உள்ளது என்பதையும் குறிப்பாராயின் இலக்கியச் சான்றும் கற்சான்றும் ஒன்றையொன்று விளக்கும்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் பங்குண்டு. வில்லில் பொருத்தப்படும் கருவியை அம்பறாத்தூணி எனப் பெயர்ப்பது பொருந்தாது. வில்லும் தூணியும் புணர 'விற்றூணி' என்றாகும். புணர்ச்சியில் சொல் மறையுமென அஞ்சுவோர் 'வில்தூணி' என இயல்பாக எழுதலாம். முதுகில் தாங்குவதை முதுகுத்தூணி எனவும் இடையில் கட்டுவதை இடைத்தூணி எனவும் வழங்கினால், தூணி என்னும் ஒரு சொல்லை அடியாகக் கொண்டு தெளிவானதொரு கலைச்சொல் வரிசை அமையும். அம்பறாத்தூணி என்னும் அழகிய பெயர், அம்பு உண்மையாகவே அறாத இடங்களுக்கு மட்டும் உரியதாக நிற்கட்டும்.